நான் துடைத்தெடுத்த பச்சை

தம்பி,

நலம் விசாரிப்பதையெல்லாம் உன் அம்மா தனித்தாளில் எழுதி இதே உறையில் வைத்திருக்கிறாள். அவள் தாளை முதலில் படித்துவிடு. பந்தல், பத்திரிகை, யார் யாருக்கு என்ன சேலை என்று அதில் எல்லாம் நல்ல சமாசாரம்தான். என் தாளில் ஒரு நல்ல சமாசாரமும் கிடையாது. போன கடிதத்தில் நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். ஆய்வுக்கூடத்தில் நீ கண்டதை மூன்று பக்கத்துக்கு எழுதியும் அப்பா ஏன் ஒரு வரி பதில் போடவில்லை என்பது ஒன்று. கமலா வீட்டில் நடந்த நிச்சயதார்த்தத்தில் அப்பா ஏன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார் என்பது மற்றொன்று. பரீட்சை என்று நீ சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டாய்; இருந்தாலும் யாரோ உனக்கு எழுதிவிட்டார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். உன் மாமனாராகப் போகிற சுப்பையா பிள்ளைக்கு ஒரு கால் ஏன் இல்லை என்பதுதான் அந்தப் பதில். தாலி கட்டுவதற்கு முன்னால் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு, மணவறைப் பக்கத்தில் நான் நிற்கலாமா கூடாதா என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அருவருப்பைப் பற்றி என்னைக் கேள், சொல்கிறேன். என் பிழைப்பே அதுதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் தொடங்கி, மலாக்கா டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, வாழ்நாள் பூராவும் அடுத்தவர் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்ட டிரஸ்ஸர் நான். காலையில் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தால் மதியம் வரை சீழ், ரத்தம், ஊறிப்போன துணி, அதில் மொய்க்கிற ஈ. பழைய கட்டைப் பிரிப்பதற்கு முன் குனிந்து முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். கண் பார்ப்பதற்குள் மூக்கு சொல்லிவிடும். சாதாரணச் சீழின் நாற்றம் பழகிவிடும் தம்பி, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பசியாறலாம். பழகாதது ஒன்று உண்டு. துணி முழுவதும் நீலமும் பச்சையும் கலந்து ஊறியிருக்கும். வாடை இனிப்பாக வரும், பழுத்து அழுகின திராட்சை மாதிரி. நாங்கள் அதை நீலச் சீழ் என்போம். பெனிசிலின் ஊசியெல்லாம் அதன் முன்னால் வெறும் தண்ணீர். அது ஒரு கட்டிலுக்கு வந்துவிட்டால் பக்கத்துக் கட்டில்காரன் கும்பிட ஆரம்பித்துவிடுவான். இன்றுவரை நான் திராட்சை சாப்பிடுவதில்லை. ஏன் என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய், புளிக்கும் என்று சொல்லி மழுப்பினேன்.

ஆஸ்பத்திரி அருவருப்பை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நான் மனிதன். வீட்டுக்கும் கொண்டுவந்தேன். லயத்துச் சாக்கடை ஓரத்தில் பிறந்தவன் நான். அந்த வாடை என் மேல் இன்னும் வீசுகிறதோ என்ற பயத்தில், என்னைவிட அழுக்கானவர்கள் யார் என்று தேடிக்கொண்டே இருந்தேன். காஜா பெராங்கில் குடியேறியதும் ஆள் கிடைத்தார்கள். பக்கத்துக் கம்பத்தில், அந்தக் கிராமத்துக் குடியிருப்பில், தலைமுறை தலைமுறையாக இருந்த மலாக்காச் செட்டிகள். நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள், நம்மைப் போலவே திருநீறு பூசுகிறவர்கள், ஆனால் கேபாயாவும் சாரோங்கும் கட்டிக்கொண்டு வீட்டில் மலாய் பேசுகிறவர்கள். உனக்கு ஒன்பது வயது. பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் வீட்டில் செத்துப்போன முன்னோர்களுக்கு வாழை இலையில் படையல் போட்டிருந்தார்கள். உன் கூட்டாளி கூப்பிட்டான் என்று போய் உட்கார்ந்து தின்றுவிட்டு, சம்பல் வாடையோடு வந்தாய். உன்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றி, நீ வாந்தியெடுக்கும் வரை கொப்பளிக்க வைத்தேன்.

"அவங்க வீட்ல உனக்கு என்னடா சோறு?"

"அங்கயும் பிள்ளையார் படம் இருக்குப்பா" என்றாய். அதற்கு ஓர் அறை கொடுத்தேன். அந்த அறையை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு எனக்குக் கை சுத்தமானது போல இருந்தது.

சுப்பையா பிள்ளையும் அந்தக் கம்பத்துச் செட்டிதான், அப்போது நம் தெருவுக்குத் தபால்காரர். நம் வீட்டுக்குக் கடிதம் இருந்தால் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடிப்பார். உன் பள்ளிக்கூடப் பரீட்சை முடிவு வந்த அன்றைக்கு மழை. உறை நனையக் கூடாதென்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்து வந்து கொடுத்தவர். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், உனக்குப் பதினெட்டு வயது, சைக்கிள் சங்கிலி அறுந்து அவர் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. கட்டுப்போடாமல் பத்து நாள் கடிதம் கொடுத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். வார்டுக்கு வந்தபோது புண் உள்ளங்கை அகலம். இரண்டாம் வாரம் முகர்ந்து பார்த்தேன், திராட்சை.

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம் அது. நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. நம் ஆள் ஒருவர் புது டாக்டராக வந்திருந்தார், வயது முப்பதுக்குள். பெரிய டிரஸ்ஸர் வேலைக்கு யாரைப் போடலாம் என்று அவரைத்தான் கேட்கப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அவர் பார்வையில் படுகிற மாதிரியே நடந்துகொண்டிருந்தேன். கைகழுவினால்கூட அவர் வரும் நேரம் பார்த்துத்தான் கழுவுவேன். எழுதவே கூசுகிறது.

ஒருநாள் காலை பிள்ளையின் காலருகே குனிந்தேன். வாடை இல்லை. எனக்குத்தான் சளி பிடித்துவிட்டதோ என்று பக்கத்துக் கட்டிலை முகர்ந்தேன், அங்கே வழக்கமான நாற்றம் வந்தது. கட்டைப் பிரித்தால் நீலம் இல்லை. உள்துணிக்குக் கீழே இடித்த இலை மெல்லிசாகப் பரப்பியிருந்தது, கறிவேப்பிலைத் துவையல் நிறத்தில். கழுவிவிட்டுப் பார்த்தேன். புண் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது, ஈரமும் இருந்தது, ஆனால் சதை சிவந்திருந்தது. ஓரத்தில் புதுத் தோல், நகக்கண் நிறத்தில். நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. மூன்று நாள் தம்பி. நன்றாக நினைவு வைத்துக்கொள், உன் அப்பனுக்கு மூன்று நாள் தெரியும்.

நான்காம் நாள் டாக்டர் அந்த வார்டைப் பார்க்க வருவதாக இருந்தது. தெரியாமல் இருந்தேன் என்றால் நான் முட்டாள், தெரிந்தும் விட்டேன் என்றால் நாட்டு வைத்தியத்துக்குத் துணைபோனவன். இரண்டும் எனக்கு ஆகாது. முந்தின நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில் மறைந்து நின்று பார்த்தேன். அவருடைய சம்சாரம் லெச்சுமி அம்மா, உனக்கு மாமியாராகப் போகிறவர், கட்டைத் தளர்த்தி உள்ளே விரலை விட்டு எதையோ தடவிக்கொண்டிருந்தார். அவர் உதடு வெற்றிலை போட்டுச் சிவந்திருந்தது. மென்று துப்பின எச்சிலைப் புண்ணில் வைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அந்தக் கம்பத்துப் பொம்பளை வேறென்ன செய்வாள்?

"எச்சியைக் கொண்டாந்து வைக்கிறியா? ஆஸ்பத்திரியா இது, உங்க வீட்டுப் பின்கட்டா?" என்று மலாயில் கத்தினேன்.

அந்த அம்மா பதறவில்லை. "லூடா புக்கான், டிரஸ்ஸர். தும்போக்" என்றார். எச்சில் இல்லை, இடித்தது. எனக்கு அது நன்றாகவே புரிந்தது; மலாக்காவில் இருந்துகொண்டு இதுகூடப் புரியாத காது யாருக்கு இருக்கிறது? துணிப்பையிலிருந்து வெற்றிலை இடிக்கிற கோபெக்கையும் எடுத்து நீட்டினார், பித்தளைக் குழலும் உள்ளே குத்துகிற இரும்புக் கம்பியும். அவருக்கு நாற்பது வயதுக்கு முன்பே பல் போய்விட்டது, தம்பி. தன் வெற்றிலையையே இடித்துத்தான் வாயில் போட்டுக்கொள்வார். பல்லில்லாதவர் எப்படி மென்று துப்புவார்? அதைவிடப் பெரிய அத்தாட்சி என் கண் முன்னாலேயே இருந்தது. சுண்ணாம்பும் பாக்கும் காசுக்கட்டியும் சேர்த்து மென்ற எச்சில் சிவப்பாக இருக்கும். மூன்று நாளாக நான் துடைத்தெடுத்தது பச்சை. வெறும் இலை.

வார்டு நர்ஸ் மிஸ்ஸி ஓடிவந்தாள், வார்டு ஆட்கள் வந்தார்கள். எச்சில் என்ற சொல் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போனது. ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளை மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் டாக்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்ன அது?" என்றார். "வெற்றிலை எச்சில், சார்" என்றேன். குனிந்து பார்க்கவில்லை அவர். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. வார்டுப் புத்தகத்திலும் இங்கிலீஷில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா உள்ளே வரக் கூடாது என்று உத்தரவானது. புண்ணை நான் என் கையாலேயே துடைத்து, மருந்துத் தண்ணீரால் கழுவி, ஒரு துணுக்கு இலை இல்லாமல் எடுத்தேன். இவ்வளவு சுத்தமாக ஒரு புண்ணை நான் கழுவியதே இல்லை.

ஒரு வாரத்துக்குள் திராட்சை திரும்பி வந்தது. பிறகு எலும்புக்கு இறங்கியது. மெர்டேக்கா கொண்டாட்டத்துக்கு வார்டு வராந்தாவில் காகிதக் கொடி கட்டினோம். வானொலிப் பெட்டியைச் சுற்றி நோயாளிகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அந்த வாரம்தான் பிள்ளையின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். எடுத்த காலைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனவன் நான். சைக்கிள் மிதித்த கால், கெண்டைச் சதை இறுகி இருந்தது. அடுத்த மாதம் எனக்குப் பெரிய டிரஸ்ஸர் வேலை வந்தது. உன் அம்மா பாயசம் வைத்தாள். நீ இரண்டு கிண்ணம் குடித்தாய். நான் அதைத் தொடவில்லை, ஆனாலும் வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவர்கள் வீட்டு வழியே நான் போனதில்லை. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவேன். உன் அம்மா அதை ஆசாரம் என்று நினைத்துக்கொண்டாள். நீ கமலாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது நான் வேண்டாம் என்றதற்கும், செட்டி வீட்டுப் பெண் என்பதால் அப்பா மறுக்கிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்தீர்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மைக்குப் பதிலாகச் சாதித் திமிர் பிடித்தவன் என்ற பேர் எனக்கு வசதியாக இருந்தது. எப்பேர்ப்பட்ட மனிதன் பார் உன் அப்பன்.

இப்போது உன் மூன்று பக்கக் கடிதத்துக்கு வருகிறேன். கமலா அவள் அம்மாவின் இலையைப் பற்றிச் சொன்னாளாம், நீ அதன் சாற்றைக் கிருமி வளர்க்கிற தட்டுகளில் விட்டுப் பார்த்தாயாம். கிருமியைக் கொல்ல முடியாத அளவுக்குச் சாற்றில் தண்ணீர் கலந்தாயாம். எண்ணிப் பார்த்தால் சாறு விட்ட தட்டிலும் விடாத தட்டிலும் கிருமி அதே அளவு, எல்லாம் உயிரோடு. ஆனால் சாறு விட்ட தட்டில் மட்டும் நீல நிறம் வரவில்லை. கொஞ்சமாக இருக்கும்போது அவை நிறம் விடுவதில்லை, கூட்டம் சேர்ந்த பிறகுதான் விடுகின்றன என்றும், 'நாம் போதுமான ஆள் சேர்ந்துவிட்டோம்' என்று ஏதோ ஒரு பொருளைக் கசியவிட்டு ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றனவோ, இலையில் இருக்கும் ஏதோ ஒன்று நடுவில் புகுந்து அந்தப் பேச்சைக் கெடுக்கிறதோ என்று உனக்குத் தோன்றுவதாகவும் எழுதியிருந்தாய். உன் பேராசிரியர், "கிருமிக்கு வாய் எங்கே இருக்கிறது?" என்று சிரித்தாராம். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பின்பக்கம் போய் வாந்தியெடுத்தேன். உன் தட்டை நான் பார்த்திருக்கிறேன், தம்பி. அந்தத் தட்டு ஒரு மனிதனுடைய கால்.

இலையை விட்டுவைத்திருந்தால் கால் பிழைத்திருக்குமா? தெரியாது. தட்டு வேறு, சதை வேறு என்று நீயே எழுதியிருக்கிறாய். அது பிழைத்திருக்காது என்று யாராவது எனக்கு நிரூபித்தால் அவர் காலில் விழுவேன். ஆனால் கூட்டம் சேர்ந்தால்தான் விஷம் கக்கும் என்று நீ எழுதினாயே, அதை நம்ப எனக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. அந்த வார்டில் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் நல்லவர்கள். அந்த மிஸ்ஸி நோயாளிக்குத் தன் சாப்பாட்டைக் கொடுப்பவள். ஒரு சொல்லை நான் விட்டேன், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது, எல்லாரும் சேர்ந்து சிரித்தோம்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் அப்பன் என்பதால் சொல்லிவிடுகிறேன். உன் வேலையிலும் அருவருப்பு வரும். வந்தால் மூக்கைப் பொத்திக்கொள், கண்ணை மூடாதே. நான் இரண்டையும் மாற்றிச் செய்தவன். இன்னொன்று, இந்த இலை விஷயத்தை நீ என்றாவது அச்சில் எழுதினால், 'கிராமத்துப் பெண்கள் வழக்கம்' என்று மொட்டையாக எழுதிவிடாதே. லெச்சுமி அம்மா பேரைப் போடு. முதலில் அவரிடம் போய்க் கேள், எந்த இலை, கொழுந்தா முற்றினதா, எவ்வளவு நேரம் இடிப்பார், வெந்நீர் எவ்வளவு என்று. அவர் சொல்லாவிட்டால் வற்புறுத்தாதே. ஒருமுறை சொல்ல வந்தவரின் வாயை உன் அப்பன் அடைத்திருக்கிறான்.

நிச்சயதார்த்தத்தில் நடந்தது இதுதான். அவர்கள் வழக்கப்படி வெற்றிலைத் தட்டு வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எடுத்துப் போட்டுக்கொண்டால்தான் சம்மதம் என்று அர்த்தம். எல்லாருக்கும் மடித்துக் கொடுத்த லெச்சுமி அம்மா என் முறை வந்ததும் கோபெக்கை எடுத்தார். அதே பித்தளை. இலை, சுண்ணாம்பு, பாக்கு, காசுக்கட்டி எல்லாவற்றையும் என் கண் முன்னாலேயே நிதானமாக இடித்து, என் உள்ளங்கையில் தட்டினார். சபை பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் போட்டேன். எச்சில் ஊறியதும் எச்சில் கிண்ணத்தை அவரே நகர்த்தி வைத்தார். துப்பினேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேரா, கான்?" என்றார். சிவப்பு, இல்லையா?

வெற்றிலை நன்றாகச் சிவந்தால் பாசம் அதிகம் என்று யாரோ கேலி பேச, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி கீழே இறங்கியது போல இருந்தது. ஐந்து வருஷமாக அந்த அம்மா இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

இவ்வளவையும் நேற்று எழுதி முடித்தேன். உறையை ஒட்டப் போகும்போதுதான் ஒன்று உறைத்தது. பிள்ளை இப்போது தபாலாபீசுக்குள் உட்கார்ந்து கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குகிறார். இந்த உறையும் அவர் கையைத் தாண்டித்தான் உன்னிடம் வரும். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வீரமாக எழுதியிருக்கிறேன் என்று புரிந்ததும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது. உறையை ஒட்டவில்லை.

இன்று காலை நேர் வழியாகவே நடந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். லெச்சுமி அம்மா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எதிர்ப் படியில் உட்கார்ந்தேன். அவர் கேட்ட கேள்விக்கு அவர் பாஷையிலேயே ஒரே ஒரு சொல் சொன்னேன். "ஈஜோ." பச்சை.

இடிப்பது நின்றது. அவர் உள்பக்கம் திரும்பி, "அவர் வந்துட்டார்" என்று புருஷனைக் கூப்பிட்டார். கட்டைக் கால் சத்தம் நெருங்கி வந்தது. நான் எழுந்து நின்றேன். உனக்கு எழுதிய எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை, நாற்காலியையும் பாயசத்தையும்கூட. முடிந்ததும் பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டார்.

"மூணு நாளும் பார்த்தீங்களா?"

"மூணு நாளும் பார்த்தேன்."

கல்யாணத்துக்கு நான் வரலாமா என்று கேட்டேன். "அதை மாப்பிள்ளை சொல்லட்டும். அவருக்கு இது தெரியுமா?" என்றார். இனிமேல்தான் தெரியும் என்று சட்டைப்பையிலிருந்த உறையைக் காட்டினேன். இந்தக் கடைசி வரிகளை அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், தம்பி. எதிரே பசைக் கிண்ணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மத்தியானத் தபாலில் தானே சேர்த்துவிடுவதாகச் சொல்லி, கையை நீட்டியபடி அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

உன் அப்பா